வாலிலையிருந்து தலைக்கு

2019 நவம்பர் 5, செவ்வாய்

இண்டைக்குத்தான் இந்தக் கொப்பியைத் துவங்கிறன். லாமென் கண்காட்சி துறக்கும் வரைக்கும் ஒவ்வொரு காவலாளியும் தன்ரை அறையிலை நடக்கிறதைக் குறிச்சு வைக்கவேணுமெண்டு மார்லேன் படிவம் தந்தவ. படங்களுக்குப் பொறுப்பானவ அவதான். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, ஆர் வந்தது, என்ன முட்டுப்பட்டது. கடைசியிலை "வேறு குறிப்புகள்" எண்டு ரெண்டு வரி இடம். எனக்கு ரெண்டு வரி எந்த மூலைக்குக் காணும்? அதுதான் சொந்தக் கொப்பி, சொந்தத் தமிழ்.

முதலிலை ஆள் ஆரெண்டு எழுதவேணும். எமில்டா மனுவல், வயசு ஐம்பத்தேழு. அன்ட்வெர்ப்பனிலை ஒரு சின்ன மியூசியத்திலை ஒன்பதாம் அறைக் காவல். பதினாலு வருஷம். கதிரை என்ரை, மேற்குப் பக்க யன்னல் என்ரை, சுவரிலை தொங்கிற பதினொரு படமும் என்ரை. டிரெக்டர் மூண்டு பேர் மாறிப்போச்சினம். நான் மாறேல்லை.

பதினொரு படத்திலையும் ஒண்டுதான் லாமென் கீறினது. யூஸ்டாஸ் லாமென், இதே ஊரிலை பீப்பாக் கட்டின ஒரு மனுசன்ரை மகன். 1819இலை பிறந்தவர், அதாலைதான் இந்த வருஷம் இருநூறாவது ஆண்டெண்டு கொண்டாட்டம். ராசா, சண்டை, செட்டை வைச்ச சம்மனசு எண்டு ஒண்டும் கீறேல்லை. அடுப்படி, சாராயக்கடை, கடிதம் வாசிக்கிற பெட்டை, கோழி பிடுங்கிற கிழவி, இதுகளைத்தான் கீறினவர்.

என்ரை அறையிலை இருக்கிறது "மீன் சுரண்டுறவள்". ரெண்டு சாண் உயரம். மஞ்சள் சட்டை போட்ட ஒரு மனுசி, மடியிலை பலகை, பலகையிலை ஒரு கார்ப் மீன், கையிலை கத்தி. எங்களைத் திரும்பியும் பாக்கமாட்டா. முழங்கையிலை ஒரு செதில் ஒட்டிக் கிடக்கு. அந்த ஒரு செதிலுக்கே லாமெனுக்கு ஒரு தங்க மெடல் குடுக்கலாம். கையெழுத்தும் இல்லை, வருஷமும் இல்லை.

நவம்பர் 6, புதன்

சூடு இருபது. ஈரம் ஐம்பத்தொண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையள் முப்பது பேர் வந்து முப்பது பேரும் போனைப் பாத்தவை.

நவம்பர் 8, வெள்ளி

சம்பந்தி பிரசெல்ஸிலையிருந்து எடுத்தவ. பெர்னதெத் அக்கா. எங்கடை மகள் ஷாமினிக்கும் அவவின்ரை மகனுக்கும் ஏப்ரலிலை கலியாணம். யாழ்ப்பாணத்திலை இளவாலைக் குடும்பம், தாத்தா தலைமை வாத்தியார், சித்தப்பா சுவாமியார். ஒவ்வொரு முறை எடுக்கேக்கையும் அந்தத் தாத்தாவும் சித்தப்பாவும் போனிலை வந்திட்டுத்தான் போவினம்.

"உங்களுக்கு மியூசியத்திலை நிர்வாக வேலை எண்டு பிள்ளை சொன்னவள், கண்காட்சி வேலை கூடவோ?" எண்டு கேட்டா. ஓம், சரியான வேலை எண்டன். ஒரு அறையை நிர்வகிக்கிறதும் நிர்வாகம்தானே.

என்ரை அப்பா என்ன செய்தவர் எண்டும் கேட்டவ. கடற்றொழில் சங்கத்திலை இருந்தவர் எண்டு ஷாமினி ஏற்கெனவே சொல்லி வைச்சிருக்கிறாள். பொய்யெண்டு சொல்லேலாது. அப்பா சங்கத்துக்குப் போய்வாறவர்தான், மண்ணெண்ணெய் எடுக்க.

நவம்பர் 12, செவ்வாய்

பெட்டி பெட்டியாப் படங்கள் வந்து இறங்குது. முப்பத்தெட்டு லாமென். இரவல் குடுத்த ஆக்களின்ரை ஆளும் கூடவே நிண்டு பாக்குது. நாங்கள் காவலாளியள் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிக்கிறம்.

நான் நிண்ட இடத்திலை நிண்டே எண்ணினன். அதே மஞ்சள் சட்டை பதினாறு படத்திலை. அதே நீலக் கூசா இருபத்தொரு படத்திலை. மார்லேன் சொன்னவ, அந்தக் காலத்து ஓவியர் தங்களுக்கெண்டு ஒரு பெட்டகம் வைச்சிருப்பினமாம், பழைய சட்டை, தொப்பி, சாமான் எல்லாம் அதுக்குள்ளை. மாடலைக் கூப்பிட்டு, சட்டையை மாட்டி, இருத்திவைச்சுக் கீறுறது. சிக்கனமான மனுசன். எனக்குப் பிடிச்சுப் போச்சு.

சுவரிலை ஒட்டுற வாழ்க்கைக் குறிப்பையும் வாசிச்சன். பதின்மூண்டு வயசிலை அக்கடமிக்குப் போனவர். பாரிஸிலை மூண்டு வருஷம் இருந்திட்டு, சாப்பாடு சரிவரேல்லையெண்டு திரும்பி வந்தவர். 1851இலை "வெள்ளிக்கிழமைச் சமையல்" எண்ட படத்துக்குத் தங்க மெடல். ராச குடும்பமும் வாங்கினதாம். பேந்து புதுசா வேற மாதிரிக் கீறுற ஆக்கள் வந்திட்டினம், இவரின்ரை கூசாவை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. அப்பவும் கையை விடாமல் கீறியிருக்கிறார். அறுபத்தைஞ்சு வயசிலை, தூரிகையைக் கழுவிப்போட்டு வந்து இருந்தவர், அப்பிடியே போயிட்டார். நல்ல சாவு.

அந்த மெடல் வாங்கின படத்தையும் இண்டைக்குப் பிரிச்சவை. எல்லாரும் கை தட்டாத குறை. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இருமிற மாதிரி வாயைப் பொத்தினன். அதிலையும் ஒருத்தி மீன் சுரண்டுறாள், ஆனால் கத்தி தலையிலையிருந்து வாலுக்குப் போகுது. அப்பிடிச் சுரண்டினால் விடியுமட்டும் சுரண்டினாலும் ஒரு செதில் எழும்பாது. வாலிலையிருந்து தலைக்குச் சுரண்டவேணும். என்ரை அறைப் படத்திலை சரியாத்தான் கிடக்கு.

உது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே.

நவம்பர் 14, வியாழன்

இண்டைக்குச் சூடும் ஈரமும் குறிக்கேல்லை.

பேராசிரியர் டெல்வோ வந்தவர். லாமெனைப் பற்றிப் புத்தகம் எழுதினவர், பாரிஸிலையிருந்து கூப்பிட்டிருக்கினம். மார்லேனோடை ஒன்பதாம் அறைக்குள்ளை வந்தார், "மீன் சுரண்டுறவ"ளுக்கு முன்னாலை மூண்டு நிமிஷம் நிண்டார். நான் மணிக்கூடு பாத்தனான். மூண்டு நிமிஷம். பேந்து சொன்னார், இது லாமென் இல்லை.

அவரின்ரை கணக்கு இதுதான். மெடல் வாங்கின படத்தை அச்சடிச்சு அந்தக் காலம் வீட்டுக்கு வீடு தொங்கவிட்டவை. அந்த அச்சைப் பாத்து ஆரோ மாணவன் கீறினதாம் இது. எங்கை பிழை விட்டவன் எண்டால் கத்தியிலையாம். லாமென்ரை படத்திலை கத்தி ஒரு பக்கம் போகுது, இதிலை எதிர்ப்பக்கம். "கவனமில்லாத கை" எண்டார். வாற வெள்ளி, இருபத்திரண்டாம் திகதி, அறிக்கை தருவாராம். அறிக்கை வந்தவுடனை படம் கண்காட்சியிலையிருந்து கழட்டி நிலவறைக்குப் போகும். அங்கை போன படம் ஒண்டும் திரும்பி மேலை வந்ததை நான் காணேல்லை.

மார்லேனுக்கு முகம் வாடிப்போச்சு. நான் கதிரையிலை இருந்து எல்லாம் கேட்டனான். கேட்டால் ஒழியக் காவலாளி படத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது எண்டு சட்டம். என்னட்டை ஆர் கேக்கப்போகினம்?

கவனமில்லாத கையாம். அந்த மனுசன் வாழ்க்கையிலை ஒரு மீன் சுரண்டியிருக்கமாட்டார்.

நவம்பர் 15, வெள்ளி

மத்தியானத்துக்குப் பிறகு வெயில். நவம்பரிலையிருந்து தை மாதம் மட்டும், வெயில் எறிக்கிற நாளிலை, மூண்டேகாலுக்கு ஒரு பத்து நிமிஷம் வெளிச்சம் யன்னலாலை சரிஞ்சு வந்து அந்தப் படத்திலை பக்கவாட்டிலை படும். அப்ப மாத்திரம் மீனுக்கு மேலை ஒரு மெல்லிய மேடு தெரியும், ஒரு விரல் நீளம். பதினாலு வருஷமா அதை வெடிப்பெண்டுதான் நினைச்சிருந்தனான்.

இண்டைக்குக் கதிரையை விட்டு எழும்பிப் போய்ப் பாத்தன். வெடிப்பில்லை. அது இன்னொரு கத்தி. மேலை பூசி மறைச்ச கத்தி. அது தலையிலையிருந்து வாலுக்குப் போகுது.

கீறினவர் முதலிலை பிழையாக் கீறியிருக்கிறார். பேந்து ஆரோ சொல்லி, அழிச்சுச் சரியாக் கீறியிருக்கிறார். பாத்துக் கீறுற மாணவன் எதுக்கு மனசு மாறப்போறான்? அச்சிலை இருக்கிறதை அப்பிடியே கீறிப்போட்டுப் போவான். மனசு மாறினவர் லாமென். அவருக்குச் சொன்னவ அந்த மஞ்சள் சட்டைக்காரி. எனக்கு இது என்ரை கலியாண நாள் தெரிஞ்ச மாதிரித் தெரியும்.

நவம்பர் 17, ஞாயிறு

பூசையாலை வந்து மனுவலுக்கு எல்லாத்தையும் சொன்னன். மனுவல் என்ரை மனுசன், பஸ் ஓடுறவர், சாப்பிடேக்கை மாத்திரம்தான் காது குடுப்பார்.

"நாளையிண்டைக்குப் போய்ச் சொல்லன்" எண்டார்.

"எப்பிடிச் சொல்லுறது? உனக்கெப்பிடித் தெரியுமெண்டு கேப்பினம்."

"குருநகர் சந்தையிலை மீன் வெட்டினனான் எண்டு சொல்லு."

"நான் எங்கை வெட்டினனான்? அம்மாவுக்கு உதவி செய்தனான்."

"ஒன்பது வருஷமோ உதவி செய்தனீ?" எண்டு கேட்டிட்டு அவர் சோத்துக்குக் குழம்பை ஊத்திச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்பளப் பெட்டியை எடுத்து உள்ளை வைச்சிட்டன்.

பின்னேரம் ஷாமினி எடுத்தவள். தேப்பன் சொல்லிப்போட்டார் போலை. "அம்மா, ஏப்ரல் மட்டும் கொஞ்சம் பொறுங்கோ, பிளீஸ். படம் நிலவறைக்குப் போனால் படத்துக்கு நோகாது" எண்டாள். படிச்ச பிள்ளை. வங்கியிலை வேலை. நான்தான் இந்த மகளை இப்பிடி வளத்தனான், பிழை சொல்லேலாது. அவளுக்கு ஏழு வயசிலையிருந்தே சொல்லிக் குடுத்தனான், ஆரும் கேட்டால் உன்ரை தாத்தா சங்கத்திலை இருந்தவர் எண்டு சொல்லு எண்டு.

நவம்பர் 19, செவ்வாய்

சொன்னனான். அரைவாசி சொன்னனான். எழுதவே வெக்கமாக் கிடக்கு.

டெல்வோவும் மார்லேனும் திரும்ப அறைக்கு வந்தவை. நான் எழும்பி நிண்டு, மன்னிக்கவேணும், மீனை வாலிலையிருந்துதான் சுரண்டுறது, மற்றப் படத்திலைதான் பிழை எண்டன். என்ரை டச்சு அந்த நேரம் பாத்துக் காலை வாரிவிட்டிட்டுது, ஆனால் மார்லேனுக்கு விளங்கினது.

டெல்வோ நல்ல மரியாதையாக் கேட்டவர், "அம்மணி, நீங்கள் இதைக் கண்ணாலை கண்டிருக்கிறியளோ?"

நான் என்ன சொன்னன் தெரியுமோ? "கேள்விப்பட்டனான்" எண்டன்.

அவர் தலையாட்டினார். "கேள்விப்பட்டதை அறிக்கையிலை எழுத ஏலாது" எண்டார். நியாயம்தான். ரெண்டாவது கத்தியைப் பற்றிச் சொல்ல வாய் எழும்பேல்லை. ஒரு பொய் சொன்ன வாயாலை மற்ற உண்மையைச் சொன்னாலும் அது பொய்யாத்தான் கேக்கும்.

ஒன்பது வருஷம். விடிய அஞ்சு மணியிலையிருந்து. பாரை, கொடுவா, விளைமீன். என்ரை கையிலை இருந்த வேகம் அந்தச் சந்தையிலை ஒருத்திக்கும் இல்லை. எமில்டாவட்டைக் குடு எண்டு ஆக்கள் வரிசையிலை நிப்பினம். அதைப் போய்க் கேள்விப்பட்டனான் எண்டு சொன்னன்.

நவம்பர் 21, வியாழன்

மழை. வெயில் வரேல்லை. படத்தைக் கழட்டுறதுக்கு வெள்ளைக் கையுறையும் பெட்டியும் கொண்டுவந்து அறை மூலையிலை வைச்சிட்டினம்.

நவம்பர் 22, வெள்ளி

பத்து மணிக்கு டெல்வோ வந்தவர், கையிலை அறிக்கை. மார்லேனும் கழட்டிற ஆக்கள் ரெண்டு பேரும் கூட. நான் போய்ப் படத்துக்கு முன்னாலை நிண்டன். காவல் நிக்கிறவள் நிக்கிற மாதிரித்தான் நிண்டன், காலை அகட்டி, கையைப் பின்னாலை கட்டி.

மார்லேன், "எமில்டா, கொஞ்சம் விலகுங்கோ" எண்டா.

"விலகிறன். அதுக்கு முன்னம் ஒரு விஷயம். செவ்வாய்க்கிழமை நான் பொய் சொன்னனான்" எண்டன். "கேள்விப்பட்டனான் எண்டது பொய். யாழ்ப்பாணத்திலை, குருநகர் மீன் சந்தையிலை நான் ஒன்பது வருஷம் மீன் வெட்டினனான். என்ரை அம்மாவும் வெட்டினவ. அம்மம்மாவும் வெட்டினவ. தலையிலையிருந்து சுரண்டிற மனுசியை நான் உலகத்திலை ஒரு இடத்திலைதான் கண்டனான், உங்கடை மெடல் படத்திலை."

எனக்குக் காது ரெண்டும் சுட்டது. ஆனால் அண்டைக்குச் சறுக்கின டச்சு இண்டைக்கு ஒரு சொல்லும் சறுக்கேல்லை.

பேந்து டோர்ச் லைற் கேட்டன். அறையின்ரை லைற்றை நிப்பாட்டச் சொன்னன். மார்லேன் டோர்ச்சைப் படத்தின்ரை இடப்பக்கத்தாலை, சுவரோடை ஒட்டிப் பிடிச்சவ. "கொஞ்சம் பதிச்சு. இன்னும் பதிச்சு" எண்டு நான் சொல்லச் சொல்ல அவ இறக்கினவ.

மேடு தெரிஞ்சது. பழைய கத்தி வடிவாத் தெரிஞ்சது, பிடி, அலகு, எல்லாம்.

டெல்வோ அந்த விலை கூடின காற்சட்டையோடை முழங்காலிலை இருந்திட்டார். கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு பாத்தார். போன கிழமை மூண்டு நிமிஷம் பாத்தவர் இண்டைக்கு இருபது நிமிஷம்.

"இதை எப்ப கண்டனீங்கள்?"

"வெயில் எறிச்ச ஒவ்வொரு நவம்பரும்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

அவர் அந்த அறிக்கையை ரெண்டா மடிச்சுத் தன்ரை கோட்டுப் பொக்கெற்றுக்குள்ளை வைச்சார். என்னட்டைக் கை தந்தார். நல்ல மனுசன் எண்டு இப்ப சொல்லலாம். மீனைப் பற்றித்தான் ஒண்டும் தெரியாது, அது படிச்ச ஆக்களிலை இருக்கிற குறைதான்.

நவம்பர் 27, புதன்

அகச்சிவப்புக் கமராவிலை எடுத்துப் பாத்திருக்கினம். அடியிலை இருக்கிற கத்தியும் மெடல் படத்துக் கத்தியும் ஒரே கையின்ரை கோடாம். கீழை லாமென்ரை பென்சில் கீறல்களும் கிடக்காம். 1851க்குப் பிறகு கீறினது, லாமென்தான், சந்தேகமில்லை. ஊரே மெடல் குடுத்த பிறகு, தான் விட்ட பிழையைத் தானே திரும்ப இருந்து திருத்தியிருக்கிறார். அந்த மனுசனிலை எனக்கு மரியாதை கூடிப்போச்சு. மெடல் வாங்கினவன் ஒரு அடுப்படிக்காரியின்ரை பேச்சைக் கேட்டிருக்கிறான்.

மார்லேன் படத்துக்குப் பக்கத்திலை புதுசா ஒரு குறிப்பு ஒட்டப்போறாவாம், டச்சு, பிரெஞ்சு, இங்கிலீஷ். என்ரை பேரும், எனக்கு எப்பிடித் தெரியுமெண்டதும் அதிலை வரும். "உங்களுக்குச் சம்மதமோ?" எண்டு கேட்டவ. ஒரு கிழமை தாங்கோ எண்டன்.

ஷாமினிக்குச் சொன்னன். அதிலை என்ன எழுதுவினமெண்டு கேட்டாள். பேந்து, "பேரைப் போடச் சொல்லுங்கோ அம்மா, அது பெருமை. சந்தையைப் போடவேண்டாம். திறப்பு நாளுக்கு பெர்னதெத் அன்ரி வாறா" எண்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

மார்லேன் எழுதினதை வாசிச்சுக் காட்டினவ. "இளம் வயதில் குருநகர் சந்தையில் தாயாருக்கு உதவிய எமில்டா மனுவல்" எண்டு இருந்தது. மனுவல்தான் இவவோடையும் கதைச்சிட்டாரோ எண்டு ஒரு கணம் யோசிச்சன். இல்லை, அண்டைக்கு இவ சம்மதம் கேக்கேக்கை நான்தான் அம்மாவுக்கு உதவினதைப் பற்றி ஏதோ உளறியிருக்கிறன்.

"உதவி எண்டதை வெட்டுங்கோ" எண்டன். "ஒன்பது ஆண்டுகள் மீன் வெட்டும் தொழில் செய்த எமில்டா மனுவல் எண்டு போடுங்கோ."

சந்தையை எடுத்தால் என்ரை பேர் அதிலை எதுக்கு? மீன் தெரியாத எமில்டாவுக்கு அந்தச் சுவரிலை ஒரு அலுவலும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

ஷாமினி எடுக்கேல்லை. நானும் எடுக்கேல்லை. மனுவல் ரெண்டு பேருக்கும் நடுவிலை பஸ் ஓடுறார்.

டிசம்பர் 15, ஞாயிறு

திறப்பு நாள். மார்லேன் என்னை விருந்தாளியா வரச் சொன்னவ, சீலை உடுத்துக்கொண்டு வாங்கோ, பிஸ்கட்டும் வைனும் இருக்கு எண்டவ. நான் வேலை உடுப்போடைதான் போனனான். நிர்வாகம் எண்டு சொன்ன பொய்யும் கிடக்குத்தானே, அதையும் இண்டைக்கே முடிப்பம் எண்டு நினைச்சன். பதினாலு வருஷமா இருக்கிற என்ரை கதிரையிலை, மார்பிலை பேர்ப்பட்டியோடை இருந்தன்.

அறைக்குள்ளை சனம் நிறைஞ்சுது. மெடல் படத்துக்கு முன்னாலை நிண்டதிலும் பாக்க "மீன் சுரண்டுறவ"ளுக்கு முன்னாலைதான் கூட்டம். குறிப்பை வாசிச்சுப்போட்டு ஓடிப்போய் மெடல் படத்தைப் பாக்குதுகள், கத்தியைப் பாத்துச் சிரிக்குதுகள், திரும்பி இஞ்சை வருதுகள். இருநூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுசன் சனத்தை இப்பிடி ஓடவைக்கிறது லேசுப்பட்ட காரியமில்லை. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோய் இருந்தது, மறைக்க விருப்பமுமில்லை.

மூண்டு மணிபோலை பெர்னதெத் அக்கா வந்தவ. நல்ல காஞ்சிபுரம், மேலை குளிருக்கு நீளக் கோட்டு. ஷாமினியும் அவளைக் கட்டப்போற தம்பியும் பின்னாலை. பெர்னதெத் அக்கா என்னையும் பாத்தா, உடுப்பையும் பாத்தா, கதிரையையும் பாத்தா. போய்ப் பிரெஞ்சிலை இருந்த குறிப்பை வாசிச்சவ. முடிச்சிட்டுத் திரும்ப முதலிலையிருந்து வாசிச்சவ.

பக்கத்திலை நிண்ட ஒரு பெல்ஜியக் கிழவி, "இந்த எமில்டா மனுவல் ஆர், இண்டைக்கு வந்திருக்கிறாவோ?" எண்டு ஆரையோ கேட்டவ. நான் வாய் துறக்க முன்னம் ஷாமினி, "அந்தா இருக்கிறா, என்ரை அம்மா" எண்டாள், டச்சிலை, அறை முழுக்கக் கேக்கிற மாதிரி. கிழவி வந்து கை தந்தவ.

பெர்னதெத் அக்கா மெதுவா என்ரை கதிரையடிக்கு வந்தவ. குரலைத் தாழ்த்தி, "இதை நீங்கள் எங்களுக்கு முதலே சொல்லியிருக்கலாம்" எண்டா.

"ஓம் அக்கா, சொல்லியிருக்கவேணும். அது என்ரை பிழை" எண்டன். "அதுதான் இப்ப மூண்டு பாஷையிலை சொல்லியிருக்கிறன்."

அவ என்ன நினைச்சவவோ, ஏப்ரல் கலியாணம் என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்லை. அந்தத் தம்பி ஷாமினியின்ரை கையை விடேல்லை, அதை மாத்திரம் கண்டனான்.

பேந்து பெர்னதெத் அக்கா திரும்பிப் படத்துக்குக் கிட்டப் போனவ. "எங்கை அந்தப் பழைய கத்தி, இதிலையோ?" எண்டு கேட்டுக்கொண்டு விரலை நீட்டினா. விரலுக்கும் மீனுக்கும் இடையிலை ஒரு நெல்லு இடம்தான் இருந்தது.

நான் எழும்பினன்.

"அக்கா, கையை எடுங்கோ. தரையிலை போட்டிருக்கிற கோட்டுக்கு அங்காலை நிண்டு பாக்கவேணும்" எண்டன்.

கையை எடுத்தா. ரெண்டு அடி பின்னாலை வந்து, கோட்டுக்கு அங்காலை நிண்டவ.